பெற்றோரின் பாட்டைக் கேட்டறிதல்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெரு கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, அக்குறணை வழியாக அலவத்துகொடையை அடைகின்றது. இத்தெருவின் திசைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கி நடந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியோரில் ஒரு பகுதியினர் மாத்தளையைத் தாண்டிக் கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இத்திசையிலேயே வந்து சேர்ந்தனர். அவர்கள் கையிலும் தலையிலும் கொண்டு வந்த பொருள் மிகச் சொற்பம். பாட்டுக்குச் சுமைகூலி இல்லை. ஆதலின் அது மாத்திரம் குறைவின்றி வந்தது.

அந்தப் பாட்டில் எவ்வளவு இன்று எஞ்சியிருக்கின்றது என்பதை நூலகத்தில் தேடி முழுவதும் அறிந்துவிட முடியாது. அதன் பெரும்பகுதி வயது முதிர்ந்த தாய் தந்தையரின் நினைவில் இருக்கின்றது. ஒரே கூரையின் கீழ் வாழும் பிள்ளைகள் அதனைக் கேட்பதில்லை. கேட்டாலும் பல வீடுகளில் கிடைக்கும் மறுமொழி ஒன்றுதான்: "எனக்கு என்ன பாட்டுத் தெரியும், தம்பி?"

இந்த மறுமொழி பணிவினால் வருவது போலத் தோன்றும். உண்மையில் இதற்குக் காரணம் கேள்வியில் உள்ள சொல். இசை என்றவுடன் மேடை, சுருதிப்பெட்டி, வித்துவான் என்பனவே முதியோரின் மனக்கண்முன் வருகின்றன. தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடியதும், கொழுந்தெடுக்கும் நிரையில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர் தொடர்ந்ததும், நாற்று நடும்போது பாடியதும் வேலையின் பகுதி என்றே அவர்கள் எண்ணுகின்றனர். ஆகையால் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, சந்தர்ப்பத்தைச் சொல்லிக் கேட்பதே பயன் தரும். "தம்பியைத் தூங்க வைக்க அம்மாயி என்ன சொல்லி ஆட்டினார்?" என்று கேட்டால் தாய் சிறிது யோசிப்பாள். பின்னர் சொற்கள் வருமுன்பே அவள் கை அசையத் தொடங்கும். உடம்பு நினைவில் வைத்திருப்பதை நாவு பிறகுதான் எடுத்துச் சொல்லும்.

தோட்டத்து வாழ்வில் முதலில் விசாரிக்கத்தக்கது தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சிப் பதமேற்றி, இரு குச்சிகளால் அடிக்கும் கருவி அது. சாவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என்று அதன் தாளங்கள் வேறுபடும். தொலைவிலிருந்து கேட்பவனும் மலைக்கு அப்பால் நடப்பது என்னவென்று அறிந்துகொள்வான். விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைக்கவும் ஒரு காலத்தில் தப்பே முழங்கிற்று. ஒரே தோல் காலையில் துரையின் கட்டளையாகவும் இரவில் மக்களின் கொண்டாட்டமாகவும் ஒலித்தது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் இவ்விடத்தில் கேட்பவருக்கு நிதானம் வேண்டும். தப்படித்தல் ஒரு சாராரின் கடமையென்று சாதிமுறை வகுத்திருந்தது. கருவியைத் தொட்ட கையையே இழிவாக எண்ணிய சமூகத்தில், அதனை அடித்த தந்தை தம் பிள்ளைகளிடம் அதுபற்றி வாய் திறக்காமலிருப்பது வியப்பன்று. அவர் மௌனத்தை மறதி என்று கொள்வது பெரும் பிழை. சிலர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டுமென்றே கருவியைப் பரணில் ஏற்றினர். அத்தகைய தந்தையிடம், அடித்துக் காட்டும்படி கேட்பது முதற்கேள்வியாகக்கூடாது. யார் கற்றுக்கொடுத்தார், எந்த மரத்தில் சட்டம் செய்தார்கள், மழைக்காலத்தில் தோலை எவ்வாறு காப்பாற்றினார்கள் என்று தொழிலின் நுட்பத்தை விசாரித்தால், கேட்பவன் ஏளனத்துக்கு வரவில்லை என்பது அவருக்கு விளங்கும். மற்றவை தாமாக வரும். வராவிட்டால் விட்டுவிட வேண்டும்.

காமன் கூத்தைப் பற்றிப் பேசுவதில் இந்தத் தடை குறைவு. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனத்தோடு முடிவது அது. காப்புக் கட்டி விரதமிருக்கும் ஆடவரே ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் பூணுவது வழக்கம். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் கட்டத்தில் ஊரே கண்ணீர் விடும். தத்தம் வீட்டுச் சாவுகளை எண்ணி அழுவதற்குத் தோட்டத்துப் பெண்களுக்கு ஓய்வு அளித்த இரவு அதுவாகவே இருந்திருக்கலாம். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தோட்டங்களில் ஆடப்பட்டவையே. கூத்தில் வேடம் கட்டிய தந்தையிடம் "அப்பா, உங்களுக்கு எந்த வேடம்?" என்று கேட்டால் போதும். அன்றைய பகல் வேறு கேள்விக்கு இடமில்லாமல் கழிந்துவிடும்.

ஒப்பாரி இவற்றினும் வேறானது. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி வைத்தல் ஆகாது என்பது பெரியோர் கொள்கை. விளக்கு வைக்கும் வேளையில் தாயிடம் ஒப்பாரி சொல்லும்படி கேட்கும் மகனுக்கு வசவே கிடைக்கும். வீட்டுக்கு வெளியே, பகற்பொழுதில், பாட்டாக இல்லாமல் வார்த்தையாகச் சொல்லும்படி கேட்டால் சில தாய்மார் இணங்குவர். ஒப்பாரியில் இறந்தவரின் பெருமை மாத்திரமன்று, பாடுகின்றவளின் சொந்தக் குறைகளும் கலந்து வரும். உயிரோடிருப்பவர்மீது அவளுக்குள்ள மனத்தாங்கலும் அதில் மறைந்திருக்கக்கூடும். பிள்ளைகள் அறியாத குடும்பச் செய்தி ஒன்று அங்கே வெளிப்பட்டால், அதனைப் பிறர் காதுக்குக் கொண்டுபோவது முறையன்று.

தோட்டத்துப் பாடல்களைச் சேர்த்து எழுதி வைத்தவருள் முதன்மையாகக் கருதத்தக்கவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984). 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக இருந்த அவர், வாய்மொழியாக வழங்கியவற்றைத் திரட்டித் தந்திராவிடில் பல பாடல்கள் இன்று நம் காதுக்கு எட்டியிரா. அவருக்கு முன்னரே, கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை, தொழிலாளரின் துயரைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் புதுச் சொற்களைப் பொருத்தியதனால் எழுத்தறியாதவரும் அவற்றை எளிதிற் பிடித்துக்கொண்டனர். பெற்றோரிடம் விசாரிக்கும்போது தொழிற்சங்கப் பாட்டுகளையும் கேட்க மறத்தலாகாது. அவை பக்திப் பாட்டுமல்ல, சினிமாப் பாட்டுமல்ல; ஆதலின் தாமாக நினைவுக்கு வருவதில்லை.

இனி வானொலி. இரண்டாம் உலகப்போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944இல் பேராதனைக்கு வந்தது. அப்படைகளுக்கென இலங்கையில் ஏற்பட்ட வலிமைமிக்க சிற்றலை நிலையம் போருக்குப்பின் அரசாங்கத்திடம் வர, 1949இல் றேடியோ சிலோன் உருவாயிற்று. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமளிக்க மறுத்ததும், அவற்றை விரும்பியோர் இலங்கையின் வர்த்தக சேவையை நாடினர். 1957இல் விவித பாரதி தோன்றிய பின்னரும் அந்தப் பழக்கம் எளிதில் விடவில்லை. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இருந்தனர். எல்லா வீட்டிலும் பெட்டி இல்லாத அந்த நாளில், பாட்டைக் கேட்ட இடமும் உடனிருந்தவர்களும் பாட்டோடு ஒட்டிக்கொண்டார்கள். யாருடைய வீட்டுத் திண்ணையில் நின்று கேட்டார்கள் என்பதைத் தாய் தந்தையர் தவறாமற் சொல்வார்கள்.

அக்குறணையிலும் அதன் அயலிலும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அவ்வீடுகளில் உம்மாவின் தாலாட்டும், நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்களும் பேச்சைத் தொடங்குவதற்கு ஏற்ற வாயில்கள். சில குடும்பங்களில் இசை மார்க்கத்துக்கு ஏற்றதா என்னும் கேள்வி பிற்காலத்தில் எழுந்திருத்தல் கூடும். முன்பு விரும்பிக் கேட்டதை வாப்பா பின்னர் விட்டுவிட்டாராயின், விட்ட காரணமும் அவருடைய வரலாற்றில் ஒரு பகுதியே. அதனை வழக்காடாமல் கேட்பதுதான் மரியாதை.

இளமையிற் கேட்ட பாட்டு முதுமையில் உயிர்ப்புடன் நிற்பதற்கு அறிவியலாளரும் விளக்கம் தேடியுள்ளனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா, பழகிய பாட்டும் சொந்த நினைவும் ஒருங்கே எழும்போது முன்மூளையின் உட்புறத்தே ஒரு பகுதி தொழிற்படுவதை 2009இல் காட்டினார். அல்சைமர் நோயில் மூளை சுருங்குகையில் அப்பகுதி ஏனையவற்றிலும் தாமதமாகவே சிதைவதுண்டு. பெயர் மறந்த தாய் பாட்டை மறவாதிருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் குரும்ஹான்சலும் அவர் துணைவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. 1955 முதல் 2009 வரை புகழ்பெற்ற பாடல்களை இளைஞர்க்குப் போட்டுக் காட்டியபோது, தங்கள் காலத்துப் பாட்டுகளோடு, தாய் தந்தையர் இளமையாயிருந்த காலத்துப் பாட்டுகளும் அவர்களிடம் தனிப்பற்றை எழுப்பின. பிள்ளை கேட்காதது போலிருந்தாலும் வீடு அவனுக்குப் பாட்டைக் கற்பித்துவிடுகின்றது.

மலையகத்தில் இந்த உரையாடலுக்குத் தடையாய் நிற்பது மறதி மாத்திரமன்று, பிரிவும்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் வகுத்தது. ஒரே லயத்தில் பாடியவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். சென்றவருள் ஒரு பகுதியினர்க்கு நீலகிரியில் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. ஆகவே இங்குள்ள தாய்க்குப் பாட்டின் முதலடிகளே நினைவிருந்து, முடிவு கோத்தகிரியில் வாழும் தங்கையிடம் இருத்தல் கூடும்.

இத்தகைய குடும்பங்களில், தொலைபேசியில் அக்காளும் தங்கையும் பேசும்போது பிள்ளை அருகே அமர்ந்து குறித்துக்கொள்ளலாம்; இருவர் இசைவும் பெற்று ஒலிப்பதிவும் செய்யலாம். ஒருத்தி சொன்னதை மற்றவள் மறுப்பாள்; சொல் மாறும், சில வேளை ஊரின் பெயரே மாறும். எது சரியென்று தீர்ப்புக் கூறாமல் இரண்டையும் எழுதி, பாடியவர் யார், எந்தத் தோட்டத்தில், எந்த வேலையின்போது கற்றார் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். மெட்டை எழுதத் தெரியாதவர் தாளத்தையாவது, எந்தச் சொல்லில் தட்டு விழுகின்றது என்று கோடிட்டு வைக்கலாம்.