தெருமுனையில் ஒரு கரியடுப்பு

யப்பானியரின் உணவு என்றதும் பச்சை மீனும் கடற்பாசியுமே நம்மவர் பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால், மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் டோக்கியோவாசியின் கால்களைத் தடுத்து நிறுத்தும் வல்லமை, தணலில் வாடும் கோழியிறைச்சியின் மணத்துக்கே உண்டு. 'யாக்கித்தோரி' என்பது அதன் பெயர். 'யாக்கி' என்றால் சுட்டது. 'தோரி' என்றால் பறவை. அந்நகரின் புறப்பகுதியொன்றில் குடியிருந்த இரண்டு ஆண்டுகளிலும், வாரத்துக்கு ஒரு முறையேனும் அதனைப் பொதியாகக் கட்டுவித்து வீட்டுக்குக் கொண்டுவந்து உண்டவன் என்ற உரிமையோடு இதனை எழுதுகிறேன்.

எங்கள் கடை, புகையிரத நிலையத்துக்கும் என் இருப்பிடத்துக்கும் நடுவே ஒரு சந்தின் முனையில் இருந்தது. உள்ளே எண்மர் நெருங்கி அமரலாம். வாசலில் ஒரு சிவப்புக் காகித விளக்கு. அது ஒளிர்ந்தால் கடை திறந்திருக்கிறதென்பது பொருள். தெருவை நோக்கிய சாளரத்தின் உட்புறத்தே ஒடுங்கிய கரியடுப்பு ஒன்று. இறைச்சி தணலின் மேலும், மூங்கிற் குச்சியின் பிடி தணலுக்கு வெளியேயும் இருக்கும்படி அதன் அகலம் அளவாக அமைந்திருந்தது. உள்ளே அமர்ந்து மதுவோடு சுவைப்போர் ஒரு சாரார். சாளரத்தருகே தெருவில் நின்று வாங்கிச் செல்வோர் மறு சாரார். நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவன்.

வீட்டிலே சமைக்க வகையற்றவர்கள்தாம் இவ்வாறு வாங்குவர் என்று எண்ணிவிடலாகாது. என் அயலிலிருந்த இல்லத்தரசிகள் சமையலில் வல்லவர்கள். எனினும், தொடர்மாடி வீட்டின் சிற்றறைக்குள் கரி மூட்டுவது எங்ஙனம்? மூட்டினால் புகை அயல்வீட்டுத் துணிக்கொடிக்கு அல்லவா போய்ச் சேரும்? ஆகவே, சோறும் சூப்பும் வீட்டிலே ஆயின. தீயில் வாட்ட வேண்டியது மட்டும் அவரிடமிருந்து வந்தது. கோழி எந்தக் கடையிலும் கிடைக்கும்; நாங்கள் விலை கொடுத்தது அவருடைய நெருப்புக்கே. ஒரு தெரு முழுவதற்கும் பொதுவான அடுப்பாக அது இருந்தது.

கோழியின் எந்த உறுப்பும் அங்கே வீணாவதில்லை. தொடையிறைச்சியையும் லீக்ஸ் போன்ற நீண்ட வெங்காயத்தண்டையும் மாறிமாறிக் கோத்தது 'நெகிமா'. அரைத்த இறைச்சி உருண்டை 'சுக்குனே'. தோல், ஈரல், இரைப்பை, குருத்தெலும்பு, வாலடிக் கொழுப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனிச் சுவைஞரும் உண்டு. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 675ஆம் ஆண்டிலே தெம்மு பேரரசர் பிறப்பித்த ஆணை, மாடு, குதிரை, நாய், குரங்கு என்பவற்றோடு கோழியையும் ஆண்டின் ஒரு பகுதிக்கு உண்ணலாகாதென விலக்கிற்று. நெடுங்காலத்துக்குப் பின், மெய்ஜி ஆட்சியிலே (1868–1912), கோழியுணவுச் சாலைகள் கழித்த துண்டுகளைக் குச்சியிற் கோத்துச் சுட்டு விற்கும் தெருக்கடைகள் தோன்றின. அக்காலத்தில் நல்ல கோழியிறைச்சி செல்வர்க்கே உரியது. 1960களில் பிரொய்லர் கோழிகள் பெருகிய பின்னரே அது சாதாரண மனிதனின் மாலை உணவாயிற்று.

பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இத்தொழில் உண்மையில் எளிதன்று. 'குச்சியிற் கோக்க மூன்று ஆண்டு. தணலில் வாட்ட ஓர் ஆயுள்' என்பது அத்தொழிலாளரிடையே வழங்கும் முதுமொழி. துண்டுகள் ஒரே கனமாக இராவிடின் ஒரு புறம் கருகி மறுபுறம் பச்சையாக நிற்கும். கொழுப்பு தணலில் சொட்டுகையில் எழும் புகைதான் மணத்தைத் தருவது. அதுவே மிகுந்தால் கசப்பையும் தருவது. கிழவர் இடக்கையில் விசிறியும் வலக்கையில் குச்சிகளுமாக நின்று, கண்ணிமைக்கும் நேரத்தில் எதனைத் திருப்ப வேண்டும், எதனை விலக்க வேண்டும் என்று தீர்மானிப்பார்.

வாங்குவோன் சொல்ல வேண்டியது இரண்டே: எத்தனை குச்சி, உப்பா குழம்பா? 'தாரே' எனப்படும் அக்குழம்பு சோயா, இனிப்பான அரிசி மது, சீனி ஆகியன சேர்த்துக் காய்ச்சுவது. பானை வெறுமையாவதில்லை, குறையக் குறையப் புதியது ஊற்றப்படும். தயிருக்கு உறைமோர் போல நேற்றைய குழம்பே இன்றையதற்குத் தாய். உப்பிட்டது அடுப்படியிலேயே உண்ணத் தக்கது. குழம்பில் தோய்ந்ததோ வழிப்பயணத்தைத் தாங்கும். பொதியை இறுக மூடினால் ஆவி தங்கித் தோலின் மொறுமொறுப்புக் கெடும். ஆதலால் மூடியைச் சற்றே திறந்து, பையைச் சாயாமல் பிடித்துக்கொண்டு விரைந்து நடக்க வேண்டும். குச்சியிலிருந்து இறைச்சியை உருவித் தட்டிலிட்டுப் பகிர்வது கடைக்காரர் பலருக்குப் பிடிக்காது. ஆயினும், சிறுவர் உள்ள வீட்டில் அவர்களுடைய ஆணை செல்லுமா?

அரசாங்கமும் இவ்வழக்கத்துக்குத் தன்னையறியாமல் ஒரு துணை செய்தது. 2019 ஒக்டோபர் முதல் கடையில் அமர்ந்து உண்பதற்கு நுகர்வு வரி 10 சதவீதம். வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 சதவீதம். 2020 ஏப்ரலில் கொள்ளை நோயினால் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டு, இரவுக் கடைகள் நேரத்தோடு மூடும்படி வேண்டப்பட்டபோது, இத்தகைய சிறு கடைகள் பல இந்தப் பொதிகளாலேயே மூச்சுவிட்டன.

அந்தச் சோதனையைத் தாண்டியவரை வெல்லக் காத்திருப்பது முதுமை. கிழவருக்கு எழுபது கடந்துவிட்டது. மகன் ஒரு கம்பெனியில் உத்தியோகம். "கை விசிறும் வரைக்கும் விசிறும்" என்றார் ஒரு நாள். வாரிசின்றி மூடப்படும் சிறு கடைகள் அந்நாட்டில் ஏராளம். பேரங்காடியிலும் சுட்ட கோழி கிடைக்கிறது, விலையும் மலிவு. ஆனால், மேல்மாடி மூதாட்டிக்குப் பல் இல்லையென்பதை அறிந்து, கேளாமலே மெதுவான சுக்குனேயை எடுத்து வைக்கும் ஒருவரை அங்கே காண இயலாது. அவள் தனியே வாழ்ந்தவள். அந்தப் பதினைந்து நிமிடக் காத்திருப்பிலேதான் அன்றைய நாளில் முதன்முறையாக வாய் திறந்து பேசுவதாக அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அந்த விளக்கு அணைவது இரவுணவு ஒன்றின் இழப்பு மட்டுமாக இராது.

படிப்புக்கும் தொழிலுக்குமாக இன்று நம்மவர் பலர் யப்பான் செல்கின்றனர். மொழியறியாத முதல் மாதங்களில், தனியறையில் அடைந்து கிடப்போருக்கு ஒன்று கூறுவேன். மாலையில் சிவப்பு விளக்கெரியும் சாளரமொன்றைத் தேடி, 'மோச்சிக்காயேரி' என்று சொல்லுங்கள். கொண்டுசெல்வதற்கு என்பது அதன் பொருள். பன்றியிறைச்சி உண்ணாதோர் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளல் நன்று. வடக்கே முரோரான் நகரில் யாக்கித்தோரி என்ற பெயரில் வருவது பன்றியிறைச்சியும் வெங்காயமுமே. பின்னர் அவசரப்படாமல் அடுப்பருகே நில்லுங்கள். மூன்றாம் வாரம் நீங்கள் உப்பா குழம்பா என்று அவர் கேட்கமாட்டார்.