நீண்ட இசையும் நமது செவியும்

மேனாட்டு இளைஞரின் இசையிலே ‘சைக்கடெலிக் ரொக்’ என்பது ஒரு வகை. 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே தோன்றியது. மூன்று நிமிடத்தில் முடியும் பாட்டு அதற்குப் போதாது. ஒரே உருப்படி இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும். இடையிலே வேகம் மாறும், நடை மாறும், பாட்டு மறைந்து வாத்தியம் மட்டும் நிற்கும். பிங்க் ஃபுளோய்ட் குழுவினர் 1971இல் வெளியிட்ட ‘எக்கோஸ்’ ஏறத்தாழ 23 நிமிடம் நீள்வது. இதனைக் கேட்கும் நம் பெரியோர், “தலையுமில்லை, வாலுமில்லை” என்று எழுந்து போய்விடுகின்றனர். திரியாயிலே கோயில் வீதியில் விடியும்வரை அமர்ந்து தவில் கேட்டவர்களே அவ்வாறு கூறுவதுதான் எனக்கு வியப்பு.

இந்த நீட்சிக்கு வழிசெய்தது இசைத்தட்டே. பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமளவே அடங்கும்; நம் வித்துவான்களும் இராகத்தைச் சுருக்கியே அதிற் பாடினர். 1948இல் நெடுந்தட்டு வந்தபின் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது.

அவ்வாறான தட்டுகளுள் நமக்கு மிக அண்மையது ‘சக்தி’ என்னும் குழுவின் முதற்றட்டு. 1975 ஜூலையில் அமெரிக்காவின் லோங் ஐலண்டில், ஒரு கல்லூரிக் கச்சேரியிலே ஒலிப்பதிவாகி, 1976இல் வெளிவந்தது. அதில் உள்ளவை மூன்றே உருப்படிகள். முதலாவது 18 நிமிடம். இரண்டாவது ஐந்து நிமிடமும் இல்லை. மூன்றாவது 29 நிமிடம். அந்த மூன்றாவதன் பெயரே ஒரு பதிகம்போல் நீண்டது! கிற்றார் வாசித்தவர் ஆங்கிலேயரான ஜோன் மக்லோக்லின். மின்சாரக் கிற்றாரின் பேரொலியாற் புகழ்பெற்ற அவர், அதனை ஒருபுறம் வைத்துவிட்டு, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். கமகம் பிடிப்பதற்காகத் தமது கிற்றாரின் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைவித்து, ரீங்கரிக்கும் துணைத் தந்திகளையும் பூட்டுவித்தார். தபேலா சாகிர் உசைன், கடம் விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன், வயலின் எல். சங்கர்.

இந்தச் சங்கர் யார்? யாழ்ப்பாணத்து இசைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வி. இலட்சுமிநாராயணரின் புதல்வர். 1950இற் பிறந்து இலங்கையிலே வளர்ந்தார். 1958இன் இனக்கலவரத்தை அடுத்துக் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. எங்கள் ஊரும் 1985இல் வீடுகளை எரிய விட்டு இடம்பெயர்ந்த ஊர். ஓடுகின்றவன் எதைக் கையில் எடுத்துக்கொள்கிறான் என்பது எங்களுக்கு ஏட்டுச் செய்தியன்று. அந்தக் குடும்பம் கொண்டுபோனது சாதகத்தை. அதையே பதினேழு ஆண்டுகளின் பின் லோங் ஐலண்டு மேடையிலே கேட்கின்றோம்.

இனி, இந்த நீண்ட இசைக்குத் தலையும் வாலும் எங்கே? தாளத்திலே. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நான்கு நான்காகப் பகுத்தால் 32 மாத்திரை. ‘ததிகிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை வாசித்து, இடையிடையே இவ்விரண்டு மாத்திரை கார்வை விட்டால், 19 மாத்திரை ஆகும். ஆகவே 13 மாத்திரை கழிந்தபின் தொடங்குகின்றவன் தவறாமற் சமத்திலே வந்து இறங்குவான். கேட்பவனுக்கு இடையிலே வழி தவறியதுபோலத் தோன்றும். வாசிப்பவனோ எண்ணிக்கொண்டே இருக்கின்றான். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டுத் தலையசைத்தவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. சக்தியின் தபேலாவும் கடமும் கேள்வியும் விடையுமாக ஓடுவதும் இந்தக் கணக்கின்மேலேதான்.

ஒரு வேறுபாடு உண்டு. மின்சார ரொக் குழுவினர் பலர் எதிரொலிக் கருவிகளாலும் ஒலியின் நிறத்தாலுமே மாற்றத்தைக் காட்டுவர். அதனைச் சமத்தை எதிர்நோக்கிக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். வானிலையைப் பார்ப்பதுபோல் அதனைக் கேட்க வேண்டும். என் மாணவர் சிலருக்கு அது எளிதாக வருகின்றது. எனக்கு இன்னும் சக்தியே எளிது.

சக்திக் குழு பின்னர் வேறு கலைஞரோடு கூடி, ‘திஸ் மோமன்ட்’ என்ற தட்டுக்காக 2024இல் கிராமி விருதும் பெற்றது. அவ்வாண்டின் இறுதியிலே சாகிர் உசைன் மறைந்தார். முதற்றட்டைக் கேட்க விரும்புவோர் நடுவிலுள்ள சிற்றுருப்படியிலே தொடங்கலாம். அதன்பின் 29 நிமிடத்துக்குச் செல்லுங்கள். ஒரு கை தொடையிலே தாளம் போட்டுக்கொண்டிருக்கட்டும்.