பழைய கார் அடிக்கடி ஹீட் ஆகுதா? தண்ணீர் ஊற்றும் முன் இதைக் கவனிங்க!

பொங்கல் லீவு. அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் கிளம்புகிறீர்கள். சம்பா அறுவடை நேரம் என்பதால் முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஊர்ந்து போகிறது. பாபநாசம் நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. போன் செய்தால் அப்பா சொல்கிறார்: "ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் தண்ணி ஊத்து, சரியாயிடும்!"

சிக்கலே அங்கேதான். கூலன்ட் ஓடுவது மூடிய பாதையில். அடிக்கடி குறைகிறது என்றால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

வெளியே கசிகிறதா?

ரப்பர் ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். காருக்கு அடியில் சொட்டுவது நிறமில்லாமல், வாசனை இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் ஏசி தண்ணீர்தான். பச்சை, பிங்க், ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பாக இருந்தால் கூலன்ட். ஆனால் வெறும் தண்ணீரையே ஊற்றி வந்திருந்தால் இந்த வித்தியாசம் தெரியாது. போர் தண்ணீரில் உள்ள உப்பு, ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கவும் செய்யும். வெளிப்பக்கம் வைக்கோல் தூசி அடைத்தாலும் காற்று போகாது. மெதுவாக ஓட்டும்போது சூடு ஏறும்.

உள்ளே கசிந்தால்?

இன்ஜினின் பிளாக்குக்கும் அதன்மேல் உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருப்பது ஹெட் கேஸ்கெட். பல கார்களில் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஓவர்ஹீட் ஆனால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். அறிகுறிகள்:

• இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் அடர்த்தியான வெள்ளைப் புகை
• டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருப்பது
• வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் கூலன்ட் குறைவது

நடுவழியில் என்ன செய்யணும்?

ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஏறிய முள் திடீரென இறங்கினாலும் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் மொத்தமும் வெளியேறிவிட்டால் சென்சார் தவறாகக் காட்டலாம்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

ஹெட்டைக் கழற்றும் முன் பிரஷர் டெஸ்ட், பிளாக் டெஸ்ட் இரண்டையும் செய்யச் சொல்லுங்கள். இரண்டாவதில், கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருந்தால் சோதனைத் திரவத்தின் நிறம் மாறும். கேஸ்கெட் மாற்றுவதாக இருந்தால், ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் போட்டாலும் நிற்காது.

ஹோஸ் மாற்றுவது சின்னச் செலவு. ஹெட்டைக் கழற்றினால், பழைய காரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று யோசிக்கும் அளவுக்குப் போகும்.

அடுத்த முறை ஊருக்குப் போனால், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவின் அளவை போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அப்பாவை இன்னொரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அளவு இறங்கியிருந்தால், ஊற்ற வேண்டியது தண்ணீர் அல்ல. போக வேண்டியது ஒர்க்‌ஷாப்புக்கு.