சன்னல் கண்ணாடியை நாமே மாற்றலாம்

விரிசல் விட்ட சன்னல் கண்ணாடி பலத்த காற்றில் பெயர்ந்து விழலாம். ஒட்டுநாடா ஒட்டுவது தற்காலிக ஏற்பாடே. மரச் சட்டமாயின் வீட்டிலேயே புதிய கண்ணாடி பொருத்தலாம்.

தடித்த கையுறை அணிந்து, துண்டுகளை மேலிருந்து கீழாக எடுக்கவும். பழைய மக்கையும் ஆணிகளையும் உளியால் அகற்றி, கண்ணாடி அமரும் காடியில் ஆளிவிதை எண்ணெய் பூசவும். இல்லையேல் காய்ந்த மரம் புது மக்கின் எண்ணெயை உறிஞ்ச, மக்கு வெடித்து உதிரும்.

காடியின் நீளம், அகலம் இரண்டிலும் 3 மி.மீ. குறைத்துக் கண்ணாடி வெட்டி வாங்கவும். மழைக்காலத்தில் மரம் ஊதினாலும் கண்ணாடி நெருக்குண்டு உடையாது.

சாக் பவுடரை ஆளிவிதை எண்ணெய் விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்தால் மக்கு தயார். காடியில் மெல்லியதாக மக்கு இட்டு, கண்ணாடியின் ஓரங்களை மட்டும் அழுத்திப் பொருத்தவும். நடுவில் அழுத்தக் கூடாது. சிறு ஆணிகள் அடித்து, மேலே மக்கைச் சரிவாகப் பூசவும். இரு வாரம் கழித்து வர்ணம் அடிக்கலாம்.

உடைந்த துண்டுகளை எருக்குழியில் கொட்டாதீர்கள். அவை எருவோடு வயலுக்குச் சென்று, நடவு செய்வோரின் காலையும் உழவு மாட்டின் குளம்பிடுக்கையும் கிழிக்கும். தடித்த தாளில் சுற்றித் தனியே அப்புறப்படுத்தவும்.