காற்றகற்றும் மண்பிசை பொறி

காற்றகற்றும் மண்பிசை பொறி என்பது ஈரக் களிமண்ணைப் பிசைந்து, அதனுள் சிக்கியுள்ள காற்றை வெற்றிடத்தின் மூலம் வெளியேற்றி, இறுகிய உருளையாகப் பிதுக்கித் தரும் இயந்திரம் ஆகும். பக்மில் என்ற ஆங்கிலப் பெயராலும் இது அறியப்படுகின்றது. செங்கல், ஓடு ஆலைகளில் பெரிய அளவிலும், மட்பாண்டக் கலைக்கூடங்களில் சிறிய அளவிலும் இது பயன்படுகின்றது. கலைக்கூடத்திற்கு இதனைத் தேர்வு செய்யும்பொழுது, மின்னோடியின் திறனைக் காட்டிலும் எவ்வகை மண், எத்தனை வகை மண், எவ்வளவு மண் ஆகிய மூன்றுமே முதன்மையானவை.

பயன்

வனையும்பொழுது வழித்தெடுக்கப்படும் சேறு, செதுக்கிய துண்டுகள், சுடப்படாமல் உடைந்த கலங்கள் ஆகியவற்றை நீரில் ஊறவைத்து மீண்டும் பயன்படுத்த இயலும். மரபுவழிக் குயவர்கள் இம்மண்ணைக் காலால் மிதித்தும் கையால் பிசைந்தும் பதப்படுத்துவர். மண்ணின் அளவு கூடும்பொழுது இவ்வேலை மணிக்கட்டையும் தோளையும் வெகுவாக வருத்தும். பொறி இந்தச் சுமையைக் குறைக்கின்றது.

காற்று நீங்கிய மண்ணின் துகள்கள் நெருக்கமாக அமைவதால் அதன் குழைமத்தன்மை கூடுகின்றது. வளைக்கும்பொழுது எளிதில் விரிசல் விடுவதில்லை. சக்கரத்தில் வனையும்பொழுது சுவர் சீராக எழும். காற்றுக் குமிழிகளே சூளையில் கலங்களை வெடிக்கச் செய்கின்றன என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் பெரும்பாலான வெடிப்புகளுக்குக் காரணம், முழுதும் உலராத மண்ணில் எஞ்சிய நீர் விரைந்து ஆவியாவதே ஆகும். எனவே இப்பொறி, கலங்களை நன்கு உலர்த்துவதற்கு மாற்றாகாது.

செயற்படும் முறை

ஊட்டுவாயில் இடப்படும் மண்ணை நெம்புகோல் உள்ளே தள்ளுகின்றது. சுழலும் தண்டில் பொருத்தப்பட்ட அலகுகள் அதனைப் பிசைந்து முன்னே நகர்த்துகின்றன. பின்னர் மண், துளைகளுள்ள தகட்டின் வழியே மெல்லிய இழைகளாகப் பிரிந்து வெற்றிட அறையினுள் விழுகின்றது. பெரிய கட்டியின் நடுவிலுள்ள குமிழி எளிதில் வெளியேறாது. மெல்லிய இழையில் அது கடக்க வேண்டிய தொலைவு மிகக் குறைவு. வெற்றிடப் பம்பி காற்றை உறிஞ்சியபின், திருகு போன்ற சுருளி இழைகளை மீண்டும் அழுத்தி ஒன்றாக்கி, குவிந்த வாயின் வழியே உருளையாக வெளியே தள்ளுகின்றது.

வெற்றிட அளவு

கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 760 மி.மீ. பாதரசம் ஆகும். கலைக்கூடப் பொறிகளில் அளவுமானி பொதுவாக 635 முதல் 710 மி.மீ. வரை காட்டினால் போதுமானது. 30 பாகை செல்சியசில் நீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 32 மி.மீ. என்பதால், அளவுமானி 728 மி.மீ.-ஐ நெருங்கும்பொழுது மண்ணிலுள்ள நீரே கொதிக்கத் தொடங்கும். ஆகவே அதனினும் உயர்ந்த வெற்றிடம் தரும் விலையுயர்ந்த பம்பியால் பயனில்லை.

உயரமான ஊர்களில் இவ்வளவு மாறும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் வளிமண்டல அழுத்தமே 590 மி.மீ. அளவில்தான் இருக்கும். அங்கு அளவுமானி 635 மி.மீ. காட்டவில்லை என்பது பம்பியின் பழுது ஆகாது.

வகைகள்

1. தொடரோட்டப் பொறி: ஒருபுறம் மண்ணை இட, மறுபுறம் உருளை வெளிவரும். ஏறக்குறைய சரியான ஈரப்பதத்தில் உள்ள மண்ணுக்கு ஏற்றது. ஆத்திரேலியாவின் வென்கோ பொறிகள் இவ்வகையின.

2. கலவைப் பொறி: மூடிய கலத்தில் மண்ணை இட்டுக் கலந்து, காற்றை அகற்றி, பின்னர் தண்டின் சுழற்சியை மாற்றிப் பிதுக்குவது. உலர்ந்த துண்டுகளையும் குழைந்த சேற்றையும் ஒன்றாகக் கலக்க இயலும். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு கலம் அளவே கிடைக்கும். அமெரிக்காவின் பீட்டர் பக்கர் பொறிகள் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு.

தேர்வில் கருத வேண்டியவை

மண்ணின் வகை: இரும்பு உருளையின் துரு, வெண்பீங்கான் மண்ணில் கலந்தால் சுட்டபின் பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றும். அலுமினிய உருளையில் ஈரமண் நெடுநாள் தங்கினால் அரிப்பு ஏற்பட்டு, வெண்ணிறப் பொருக்குகள் மண்ணில் கலக்கக்கூடும். பீங்கான் மண்ணுக்குத் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. செம்மண் மட்டும் பயன்படுத்துவோருக்கு அந்தக் கூடுதல் செலவு தேவைப்படாமல் போகலாம்.

மண் வகைகளின் எண்ணிக்கை: செம்மண்ணுக்குப்பின் வெண்மண்ணை இடுவதானால் பொறியை முழுதும் கழற்றிக் கழுவ வேண்டும். இது பல மணி நேர வேலை. எனவே உருளை எளிதில் பிரியுமா, துளைத்தகட்டை எடுக்க முடியுமா என்பதை வாங்குமுன் பார்த்தல் வேண்டும். காகித இழை கலந்த மண் துளைத்தகட்டை அடைத்துவிடும்.

மண்ணின் அளவு: 75 மி.மீ. விட்டமுள்ள வாயிலிருந்து வரும் ஒரு மீட்டர் உருளை ஏறத்தாழ 8.5 கிலோகிராம் எடையும், 100 மி.மீ. வாயிலிருந்து வருவது ஏறத்தாழ 15 கிலோகிராம் எடையும் இருக்கும். விற்பனையாளர் கூறும் மணிக்கணக்கு அளவு, மென்மையான மண்ணை இடைவிடாது ஊட்டும்பொழுது கிடைப்பது. இறுகிய மண்ணில் அது குறையும்.

மின்னிணைப்பு: சிறிய பொறிகள் பெரும்பாலும் ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும். பெரியவற்றுக்கு மும்முனை இணைப்பு தேவைப்படலாம்.

பராமரிப்பு: வேலை முடிந்தபின் வாயையும் ஊட்டுவாயையும் நெகிழித் தாளால் மூட வேண்டும். உள்ளே காயும் மண் தகட்டை அடைக்கும். கட்டிகளாகப் புது மண்ணிலும் கலக்கும். பம்பியினுள் மண்ணும் நீரும் செல்லாதவாறு வடிகட்டி இருத்தல் வேண்டும்.

குறைகள்

சுருளியின் சுழற்சி, உருளையினுள் திருகு வடிவப் படலங்களை விட்டுச் செல்கின்றது. உலரும்பொழுது இவை கலத்தின் அடியில் ஆங்கில எஸ் எழுத்து வடிவில் விரிசலாக வெளிப்படலாம். இதனால் பல வனைஞர்கள் பொறியிலிருந்து வந்த மண்ணைக் கையால் சிறிது பிசைந்த பின்னரே பயன்படுத்துகின்றனர்.

பாதுகாப்பு

சுழலும் அலகுகள் விரல்களைத் துண்டிக்க வல்லவை. ஊட்டுவாய் திறந்தவுடன் தானாக நின்றுவிடும் பூட்டமைப்பும், கைக்கு எட்டும் நிறுத்து பொத்தானும் உள்ள பொறியையே தேர்ந்தெடுக்க வேண்டும். மண்ணைக் கையால் தள்ளுதல் கூடாது. கழுவுமுன் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். உலர்ந்த களிமண் தூசியிலுள்ள சிலிக்கா, குணப்படுத்த இயலாத சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோயை உண்டாக்கக்கூடும். ஆகவே இயன்றவரை மண்ணை ஈரமாகவே கையாள வேண்டும். உலர்பொடியை இடும்பொழுது தகுந்த சுவாசக் கவசம் அணிதல் இன்றியமையாதது.