வளமும் முன்னேற்றமும்: மாக் மண்டின் முதல் பாயான் லெப்பாஸ் வரை

போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பெருகிய செல்வம் நடுத்தர மக்களைத் தானாகச் சென்றடையவில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர்க்குக் கூட்டுப்பேர உரிமை அளித்தது. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் போர்வீரர்க்குக் கல்வியுதவி அளித்தது. அரசின் திட்டமும் சங்கத்தின் வலிமையுமே வளத்தைப் பரவலாக்கின என்பர் தாராண்மைவாதிகள். ஆயினும், கறுப்பின மக்களுக்கு அப்பயன் முழுமையாகக் கிட்டவில்லை.

அக்கொள்கையினரான பொருளியலறிஞர் இராபர்ட் நேதனின் நிறுவனமே 1970-இல் பினாங்கிற்கு வளர்ச்சித் திட்டம் வகுத்தது. அதற்கு முன்பே, 1960-களில், பட்டர்வொர்த்தின் மாக் மண்டினில் தொழிற்பேட்டை எழுந்திருந்தது. எனினும் உள்நாட்டுச் சந்தை சிறிது. 1969-இல் ஜார்ஜ் டவுன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை வாட்டியது. நேதன் அறிக்கை ஏற்றுமதித் தொழில்களை வலியுறுத்தியது. 1972-இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வலயம் உருவாயிற்று; இண்டெல் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் வந்தன; பல்லாயிரவர் வேலை பெற்றனர்.

ஆனால், மின்னணுத் தொழிலாளர் தேசிய அளவில் சங்கம் அமைக்க நெடுங்காலம் இசைவு கிட்டவில்லை. அமெரிக்க வளத்தின் ஒரு பாதியாகிய ஆலை கடல் கடந்து வந்தது. மறுபாதியாகிய கூட்டுப்பேர வலிமை உடன் வரவில்லை. எனவே, வளர்ச்சியைப் பயில்வோர் எத்தனை வேலைகள் தோன்றின என்பதோடு, ஊதியத்தை முடிவு செய்வதில் தொழிலாளர்க்குப் பங்குண்டா என்றும் வினவுதல் வேண்டும்.