தூரம் ஒன்று, நேரம் இரண்டு

ஆக்லாந்திலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 5,340 கி.மீ. அங்கே போய்ச்சேரச் சுமார் 7 மணி 20 நிமிடம் ஆகிறது. திரும்பி வர ஏறத்தாழ 6 மணி நேரம் போதும். விமானமும் எஞ்சினும் அவையேதான். போகும்போது சராசரி வேகம் மணிக்கு 730 கி.மீ., வரும்போது 890. இந்த இடைவெளியில் பாதி, அதாவது மணிக்குச் சுமார் 80 கி.மீ., காற்றின் வேகம்; போகும்போது அது கழிகிறது, வரும்போது கூடுகிறது. இந்த அட்சரேகைகளில் பத்து கி.மீ. உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் தாரைக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. எனவே எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டால் பயண நேரத்தைப் பற்றிப் பாதிதான் தெரியும். எந்தத் திசையில், எந்தக் காற்றில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பூமி சுழல்வதால்தானே இந்த வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்லாந்தில் நிலம் மணிக்குச் சுமார் 1,330 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழல்வது உண்மை. ஆனால் காற்றும் அதனுடன் சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் ரயில்பெட்டிக்குள் பறக்கும் ஈயை ரயில் விட்டுவிட்டுப் போவதில்லை. அந்த விளக்கம் சரியென்றால் பெர்த் விமானத்தை எதிர்கொண்டு வந்திருக்கும், மேற்குப் பயணம்தான் சுருங்கியிருக்கும். நடப்பதோ நேர்மாறு. சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் மறைமுகமாக: வெப்பமண்டலத்தில் சூடாகி எழும் காற்று துருவத்தை நோக்கி நகரும்போது, அதைக் கிழக்கே திருப்பிவிடுவது சுழற்சிதான். தாரைக்காற்றின் பிறப்பு அங்கேதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய சென்னை–சிங்கப்பூர் தடத்தில் போக வர ஆகும் நேரம் பெரிதாக வேறுபடாததற்கும், தாரைக்காற்று அங்கே எட்டாததே காரணம்.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. முழுதாக மீட்க முடியாது. எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் பறக்கிறது, சாதகக் காற்றில் குறைந்த நேரமே பறக்கிறது. ஆகவே இழப்பு எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. பெர்த் கணக்கில், காற்றே இல்லாவிட்டால் இருவழிப் பயணம் சுமார் எட்டு நிமிடம் குறைந்திருக்கும். அதனால்தான் விமானங்கள் சில நாள் வேண்டுமென்றே சுற்றுவழியில் போகின்றன. எதிரே வரும் தாரைக்காற்றை விட்டு ஒதுங்கிப் பறந்தால், கூடுதல் தூரம் கடந்தும் சீக்கிரமாக இறங்கலாம்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஆக்லாந்து வரும் பெரியவர்கள், சிங்கப்பூரில் மாறுவதைச் சுற்றுவழி என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. நேர்த்தூரம் சுமார் 11,280 கி.மீ., சிங்கப்பூர் வழியாக 11,330. கூடுவது ஐம்பது கி.மீ.தான், நேரத்தைத் தின்பது அங்கே காத்திருக்கும் மணிகளே. உண்மையில் அஞ்ச வேண்டியது எதிர்க்காற்றுக்குத்தான். 2022 செப்டம்பரில் ஏர் நியூசிலாந்து தொடங்கிய நியூயார்க்–ஆக்லாந்து சேவை சுமார் 14,200 கி.மீ. நீளமானது. நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட முதல் விமானம் எதிர்க்காற்றைச் சமாளிக்கக் கூடுதல் எரிபொருளைச் சுமக்க வேண்டியிருந்தது. அந்த எடையை ஈடுகட்ட, பல பயணிகளின் பெட்டிகள் நியூயார்க்கிலேயே விடப்பட்டன.